தாத்தாவின் துப்பாக்கி, தாத்தாவின் கத்தி: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: தென்னாப்பிரிக்காவில் டோங்காட் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் கரும்புத் தோட்டம் இருக்கிறது. தாத்தா காலமான பிறகு அவருடைய பெட்டியைத் திறந்தால், வாய் வழியாக வெடிமருந்து கெட்டிக்கிற இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்றும் மரப்பிடி ஒகாபி மடக்குக் கத்தி ஒன்றும் இருந்தன. குழல் முழுக்க அலை அலையாகக் கோடுகள். கொள்ளுத்தாத்தா ஒப்பந்தக் கூலியாகக் கப்பலில் வந்தபோது கொண்டுவந்தது என்கிறார் அத்தை. குளிர்காலத்தில் மகனோடு கினிக்கோழியும் முயலும் அடிக்கப் போகலாமா ஐயா?

பதில்: போகலாம் தம்பி, ஆனால் இந்தக் குளிர்காலமே என்று அவசரப்படாதீர்கள். முதல் வேலை, உள்ளே மருந்து இருக்கிறதா என்று பார்ப்பது. என் மாமா வீட்டுச் சுவரில் பல வருஷம் தொங்கிய துப்பாக்கி ஒன்று, குழந்தைகள் எல்லாம் எடுத்து விளையாடியது, ஒருநாள் சோதித்துப் பார்த்தபோது உள்ளே மருந்தும் ஈய ரவையும் அப்படியே இருந்தன. இன்றைக்கும் நினைத்தால் வயிறு கலங்குகிறது. கரிமருந்து என்கிற அந்தப் பழைய வெடிமருந்து ஈரம் படாமல் இருந்தால் எத்தனை வருஷம் ஆனாலும் வெடிக்கும்.

சோதிப்பது சுலபம். குழல் வாய் யார் பக்கமும் திரும்பாமல் வைத்துக்கொண்டு, ஒரு மெல்லிய மரக்குச்சியை அடிவரை மெதுவாக விடுங்கள், இடிக்க வேண்டாம். வாய் மட்டத்தில் விரலால் பிடித்து எடுத்து, அதே அளவைக் குழலுக்கு வெளியே ஒட்டிப் பாருங்கள். குச்சியின் நுனி குழலின் பின்முனையில் வெடிக்கும் கேப் மாட்டுகிற சிறு குமிழ் (நிப்பிள்) பக்கம்வரை வர வேண்டும். மூன்று நான்கு விரற்கடை முன்னாலேயே நின்றால் உள்ளே ஏதோ இருக்கிறது. இரண்டு குழலையும் பாருங்கள். இருந்தால் நீங்களே தோண்டி எடுக்கப் போகாதீர்கள், துப்பாக்கி பழுதுபார்ப்பவர் செய்ய வேண்டிய வேலை அது.

அந்த அலைக்கோடு அழகுதான், கவலையும் அதில்தான். இரும்பையும் எஃகையும் பட்டையாக முறுக்கி, சுற்றி, அடித்து ஒட்டவைத்த குழல் அது, டமாஸ்கஸ் என்பார்கள். ஒட்டின இடுக்குகளில் துரு உள்ளுக்குள்ளே தின்றிருந்தால் வெளியே தெரியாது. பழுதுபார்ப்பவரிடம் குழலைக் கழற்றி அடிப்பக்கம் சோதனை முத்திரை இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இங்கிலாந்தின் பர்மிங்காம் துப்பாக்கிச் சோதனைச் சாலை 1813-இல் தொடங்கியது, அதன் முத்திரையோ பெல்ஜியத்து லியேஜ் முத்திரையோ இருந்தால் எங்கே சோதித்தது என்று தெரிந்துவிடும். அவர் சரி என்று சொன்னாலும் கரிமருந்து மட்டும்தான். இந்தக் காலத்துப் புகையில்லாத மருந்தை ஒரு சிட்டிகை போட்டாலும் குழல் கையிலேயே வெடிக்கலாம், இடது கை விரல்கள் அங்கேதான் இருக்கும்.

அத்தை சொன்ன கதை எனக்கு நம்பிக்கையாக இல்லை. 1860-இல் முதல் கூலிக் கப்பலான ட்ரூரோ இங்கே வந்ததிலிருந்து 1911 வரை, கூலி ஒப்பந்தத்தில் வந்தவர்கள் துப்பாக்கியோடு இறங்கியிருப்பார்கள் என்று எப்படி நினைப்பது? பின்புறம் தோட்டா போடுகிற துப்பாக்கி வந்ததும் பழையவை மலிவாக ஆப்பிரிக்காவுக்குக் குவிந்தன, ஒப்பந்தம் முடிந்து சொந்தக் காணி பிடித்த பிறகு இங்கேயே வாங்கியிருப்பார். அது இன்னும் பெருமைதானே.

சட்டம்: ஒவ்வொரு சூட்டுக்கும் வாய் வழியாக மருந்து போடுகிற இந்த வகைக்கு லைசென்ஸ் தேவையில்லை, ஆனால் காம்பிடென்சி சான்றிதழ் (துப்பாக்கி கையாளும் தகுதிச் சான்று) இல்லாமல் வைத்திருக்கக் கூடாது. அதனால் முதலில் காவல் நிலையத்தில் துப்பாக்கி விவகாரம் பார்க்கும் அதிகாரியிடம் பேசுங்கள். வேட்டைக்கு மாகாண வனவிலங்கு அமைப்பான எசெம்வெலோவின் அனுமதியும் பருவமும் தனி, பக்கத்துக்காரர் நிலத்தில் கால் வைக்க அவர் எழுதிக் கொடுக்க வேண்டும். அப்புறம், குழலில் மருந்துக்கு மேல் காகிதம் வைத்து அடைக்காதீர்கள், கம்பளி அட்டை போடுங்கள். எரியும் காகிதத் துண்டு காய்ந்த கரும்புச் சோகையில் விழுந்தால் தோட்டமே போய்விடும்.

கத்தியை இப்போதே பயன்படுத்தலாம். ஒகாபி 1902-இல் ஜெர்மனியில் ஆப்பிரிக்கக் காலனிகளுக்காகச் செய்ய ஆரம்பித்தது, 1988 முதல் நம் குவாசூலு-நேட்டாலில்தான் செய்கிறார்கள். மேலே உள்ள வளையத்தை இழுத்தால்தான் பூட்டு விடும், மகனுக்கு அதை முதலில் பழக்குங்கள். கார்பன் எஃகு, ஈரத்தோடு மடித்தால் மறுநாள் துரு. துடைத்துக் கொஞ்சம் எண்ணெய் தடவுங்கள், மரப்பிடியைத் தண்ணீரில் ஊறப்போடாதீர்கள். கினிக்கோழிக்கு இறகு பிடுங்கிக் கஷ்டப்பட வேண்டாம், நெஞ்சில் ஒரு கீறல் போட்டுத் தோலோடு உரித்துவிடலாம், அதற்கு இந்தக் கத்தியின் கூர்நுனி போதும். ஊரில் இந்தக் கத்திக்குக் கெட்ட பேர் உண்டு, 2013-ஆம் ஆண்டு ஆபத்தான ஆயுதச் சட்டமும் இருக்கிறது. தோட்டத்துக்குப் போகும் பையில் வையுங்கள், சட்டைப்பையில் போட்டுக்கொண்டு டாக்சி நிலையத்தில் நிற்காதீர்கள்.

கறியை மசாலா தடவும் முன் விரலால் தடவி ஈய ரவைகளை எடுத்துவிடுங்கள், சிறகுக்கு அடியில்தான் ஒளிந்திருக்கும்.