கேட்ச் போட்டும் நிற்காத லூப்

கேள்வி: ஜாவா இப்போதுதான் கற்கிறேன். வயதைக் கேட்டு வாங்கும் சின்ன புரோகிராம் எழுதினேன். யாராவது 'இருபது' என்று எழுத்தில் அடித்தால் கிராஷ் ஆகிறது என்று வைல் லூப்புக்குள் ட்ரை, கேட்ச் போட்டேன். இப்போது 'தவறான உள்ளீடு' என்ற வரியே திரையில் நிற்காமல் ஓடுகிறது. -5 கொடுத்தாலோ பேசாமல் வாங்கிக்கொள்கிறது. எங்கே தவறு?

பதில்: உங்கள் கேட்ச் சரியாகத்தான் பிடிக்கிறது, சிக்கல், உள்ளீட்டைப் படிக்கும் ஸ்கேனர் நடந்துகொள்ளும் விதத்தில். அதன் நெக்ஸ்ட்இன்ட் எண்ணை எதிர்பார்க்கிறது, வந்தது எண் இல்லை என்றதும் இன்புட்மிஸ்மேட்ச்எக்செப்ஷன் என்ற பிழையை வீசுகிறது, ஆனால் அந்த 'இருபது' என்ற சொல்லை எடுக்காமல் இருந்த இடத்திலேயே விட்டுவிடுகிறது. லூப் சுற்றி வந்து மறுபடி படித்தால் முன்னால் நிற்பது அதே 'இருபது', மறுபடி எக்செப்ஷன், மறுபடி கேட்ச். கேட்சுக்குள் ஒரு நெக்ஸ்ட்லைன் போட்டு அந்த வரியைத் தூக்கி எறிந்தால் போதும். எனக்குப் பிடித்த வழி வேறு: முதலிலேயே நெக்ஸ்ட்லைனால் முழு வரியையும் வாங்கி, ட்ரிம் செய்து (இரு ஓரத்து ஸ்பேஸையும் நீக்கி), அப்புறம் எழுத்தை எண்ணாக மாற்றும் பார்ஸ்இன்ட்டிடம் கொடுங்கள். ட்ரிம்மை விட்டுவிடாதீர்கள், எண்ணுக்கு முன்போ பின்போ ஒரு ஸ்பேஸ் இருந்தாலும் பார்ஸ்இன்ட் நம்பர்ஃபார்மட்எக்செப்ஷன் வீசிவிடும்.

சரி, -5க்கு வருவோம். ஜாவாவுக்கு அது குறையே இல்லாத முழு எண். வயது மைனஸில் இருக்காது என்பது உங்கள் புரோகிராமுக்கு மட்டுமே தெரிந்த விஷயம், அதனால் எக்செப்ஷனை த்ரோ செய்ய (வீச) வேண்டியதும் நீங்கள்தான். வயதைச் சரிபார்க்கத் தனியாக ஒரு மெத்தட் எழுதி, 0க்குக் கீழே போனால் இல்லீகல்ஆர்க்யுமென்ட்எக்செப்ஷனை வீசுங்கள், 'வயது -5 ஆக இருக்க முடியாது' என்று வந்த மதிப்பையும் செய்தியில் சேர்த்து. அந்த மெத்தடுக்குள்ளேயே பிடிக்க வேண்டாம். அதற்குத் தவறு தெரியுமே தவிர, பயனரிடம் திரும்பக் கேட்க வழியில்லை. அந்த வழி மெயினில் இருக்கும் லூப்பிடம் இருக்கிறது, கேட்சும் அங்கேதான் இருக்க வேண்டும்.

புதிதாக எழுதுகிறவர்கள் பலர் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. நம்பர்ஃபார்மட்எக்செப்ஷன் என்பது இல்லீகல்ஆர்க்யுமென்ட்எக்செப்ஷனின் சப்கிளாஸ், அதாவது அதன் ஒரு வகை. இரண்டுக்கும் தனித்தனி கேட்ச் எழுதினால் நம்பர்ஃபார்மட் முதலில் வர வேண்டும், மாற்றிப் போட்டால் கம்பைலரே விடாது. தனித்தனியாக எழுதுவதுதான் நல்லது. நீங்கள் வீசியதில் உங்கள் செய்தியை அப்படியே காட்டலாம், பார்ஸ்இன்ட் தரும் செய்தி புரோகிராம் எழுதுபவருக்கானது, பயனருக்கு ஒன்றும் புரியாது.

வேலை சுலபம் என்று வெறும் எக்செப்ஷன் என்றே கேட்ச் செய்துவிடாதீர்கள். நல் பாயின்டர் (NullPointerException) போன்ற உங்கள் சொந்த பக் கூட 'தவறான உள்ளீடு' என்ற பெயரில் மறைந்துபோகும், தேடிக் கண்டுபிடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். இன்னொன்று, கீபோர்டுக்குப் பதில் ஃபைலிலிருந்து உள்ளீடு கொடுத்து அது தீர்ந்துவிட்டால் நெக்ஸ்ட்லைன் நோசச்எலிமென்ட்எக்செப்ஷன் வீசும். அதையும் உங்கள் கேட்ச் பிடித்து மறுபடி கேட்கப் போனால், திரும்பவும் அதே நிற்காத லூப்தான்.