பிரசவத்துக்கு முன்பே பால் பம்ப் வாங்கி வைக்கலாமா?

கேள்வி: எனக்கு இது ஏழாம் மாதம், தலைப்பிரசவம். கார்த்திகைக் கடைசியில் தேதி கொடுத்திருக்கிறார்கள். ஊர் பாபநாசம் பக்கம். கும்பகோணத்தில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் கணக்குப் பிரிவில் வேலை. காலை எட்டரைக்குக் கிளம்பினால் வீடு திரும்ப ஆறரை ஆகிவிடும். மூன்று மாதத்தில் வேலைக்கு வந்துவிட வேண்டும் என்கிறார்கள். குழந்தையை மாமியார் பார்த்துக்கொள்வார். வளைகாப்புக்கு வந்த தோழி, ஆறாயிரம் ரூபாய்க்கு மேல் விலையுள்ள, இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் எடுக்கும் இரட்டை எலெக்ட்ரிக் பம்ப் ஒன்றை இப்போதே வாங்கி வைக்கச் சொல்கிறாள். கையால் அழுத்தும் பம்பே போதும் என்கிறார் கணவர். எடுத்து வைத்த பால் பிள்ளைக்கு ஆகாது என்கிறார் மாமியார். எங்கள் ஊரில் கரண்ட்டும் அடிக்கடி போகும். நான் எதை வாங்கட்டும்?

பதில்: இப்போது எதையும் வாங்காதீர்கள். உங்களுக்கு பம்ப் தேவைப்படும், அதில் சந்தேகமில்லை. ஆனால் குழந்தை பிறந்து ஐந்தாறு வாரம் கழித்து வாங்கினால்தான் சரியானது அமையும். கர்ப்ப காலத்திலும் பிரசவத்துக்குப் பிறகும் காம்பின் அளவு மாறும். பம்பில் மார்போடு பொருந்தும் புனல் அந்த அளவுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். இது உடம்பில் படும் பொருள் என்பதால், பெட்டியைப் பிரித்தபின் பெரும்பாலான கடைகளில் திருப்பி எடுக்க மாட்டார்கள். வாரண்டியும் வாங்கிய நாளிலிருந்தே ஓடத் தொடங்கிவிடும்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறேன். வேலை செய்கிறதா பார்ப்போம் என்று இப்போது எந்த பம்பையும் மார்பில் வைத்துப் பார்க்காதீர்கள். காம்பு தூண்டப்பட்டால் ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன் சுரக்கும்; அது கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கும். மாதம் நிறையும் முன் அந்த வேலையே வேண்டாம்.

பிரசவத்துக்கு முன் நீங்கள் கற்றுக்கொள்ள வேண்டியது கையால் பால் எடுக்கும் முறை. கற்றுக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்கிறேன், இப்போதே எடுத்துப் பார்க்கச் சொல்லவில்லை. அடுத்த செக்கப்புக்குப் போகும்போது செவிலியரிடம் கேட்டால் பொம்மை மார்பிலோ படத்திலோ காட்டித் தருவார். பிறந்த முதல் இரண்டு மூன்று நாளில் வருவது சீம்பால். கெட்டியாக, மஞ்சளாக, ஒரு வேளைக்குத் தேக்கரண்டி அளவுதான் வரும். பம்பில் எடுத்தால் அதில் பாதி புனலிலும் குழாயிலும் ஒட்டிக்கொண்டு வீணாகும். கையால் எடுத்தால் சொட்டுச் சொட்டாகக் கிண்ணத்தில் விழுவது அப்படியே பிள்ளைக்குப் போய்ச் சேரும்.

செய்முறையை எழுதுகிறேன், எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, கொதிக்க வைத்து ஆறிய அகலமான எவர்சில்வர் கிண்ணத்தை மார்புக்குக் கீழே பிடித்து, கொஞ்சம் முன்னால் சாய்ந்து உட்காருங்கள். காம்பிலிருந்து இரண்டு மூன்று செ.மீ. தள்ளி, மேலே கட்டைவிரல், கீழே ஆள்காட்டி விரல். முதலில் இரண்டு விரலையும் மார்புக்குப் பின்னால் உள்ள விலா எலும்பை நோக்கி உள்ளே அழுத்துங்கள். அப்புறம் ஒன்றை ஒன்று நோக்கி அமுக்கி விடுங்கள். தோலின் மேல் விரல் வழுக்கிக்கொண்டு வரக் கூடாது, காம்பைப் பிடித்து இழுக்கவும் கூடாது. முதல் ஓரிரு நிமிடம் ஒன்றும் வராது. அங்கேதான் பலர் “எனக்குப் பாலே இல்லை” என்று விட்டுவிடுகிறார்கள். தொடர்ந்து செய்தால் சொட்டு வரும், பால் இறங்கியதும் பீச்சியடிக்கும். ஒரு பக்கம் மூன்று முதல் ஐந்து நிமிடம், பிறகு மறுபக்கம், விரலின் இடத்தை மாற்றி மாற்றி. வலித்தால் பிடி சரியில்லை என்று அர்த்தம்.

ஒரே ஒரு நிலைமையில் மட்டும் நான் சொன்ன கால வரிசை மாறும். குழந்தை குறைமாதத்தில் பிறந்தோ, வேறு காரணத்தாலோ தீவிர சிகிச்சைப் பிரிவில் வைக்கப்பட்டு உங்களிடம் வர முடியாமல் போனால், முதல் சில மணி நேரத்துக்குள்ளேயே பால் எடுக்கத் தொடங்கிவிட வேண்டும். இரவு உட்பட ஒரு நாளைக்கு எட்டு முறையாவது எடுத்தால்தான் சுரப்பு நிலைக்கும். முதல் நாட்களில் கையால் எடுங்கள், பால் நிறையச் சுரக்கத் தொடங்கியதும் இரட்டை பம்ப். மருத்துவமனையிலேயே கனரக பம்ப் இருந்தால் அதைக் கேட்டு வாங்கிப் பயன்படுத்துங்கள். அப்படி ஒரு அவசரம் வந்தால் பம்பை அன்றைக்கே வாங்கிக்கொள்ளலாம். தஞ்சாவூரிலும் கும்பகோணத்திலும் பெரிய மருந்துக்கடைகளில் கேட்டுப் பாருங்கள்.

இனி உங்கள் விடுப்புக்கு வருகிறேன், ஏனென்றால் எந்த பம்ப் என்பதை முடிவு செய்வதே அதுதான். மூன்று மாதத்தில் வரச் சொல்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். மகப்பேறு நலச் சட்டத்தின் 2017 திருத்தம் கொண்டுவந்து, இப்போது சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் இருக்கும் விதிப்படி, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் கடைகளிலும் முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்துடன் விடுப்பு உண்டு. பிரசவ தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை பார்த்திருந்தால் போதும். அதில் அதிகபட்சம் 8 வாரத்தைத்தான் பிரசவத்துக்கு முன் எடுக்கலாம். வேலைக்குத் திரும்பிய பிறகும், குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை, வழக்கமான ஓய்வு நேரம் போக ஒரு நாளைக்கு இரண்டு பாலூட்டும் இடைவேளை தர வேண்டும். முதலாளியிடம் வாய்ப்பேச்சாக விடாமல் எழுத்தில் கேளுங்கள். 26 வாரத்தின் பெரும்பகுதியைப் பிரசவத்துக்குப் பிறகு எடுத்துக்கொண்டால், நீங்கள் வேலைக்குப் போகும்போது பிள்ளைக்கு ஆறு மாதம் நெருங்கியிருக்கும். குழைந்த சோறும் பருப்பும் ஊட்டத் தொடங்கும் வயது அது. பகலில் எடுக்க வேண்டிய பாலின் அளவு குறையும், கணவர் சொல்லும் கை பம்பே போதுமானதாகிவிடும். ஒரு விடுப்புக் கடிதம் ஆறாயிரம் ரூபாயை மிச்சப்படுத்தித் தரலாம்.

அது கிடைக்காமல், மூன்று மாதத்தில்தான் போயாக வேண்டும் என்றால் உங்கள் தோழி சொல்வது சரி. பத்து மணி நேரம் பிள்ளையைப் பிரிந்திருக்கும்போது கடையில் குறைந்தது இரண்டு, முடிந்தால் மூன்று முறை பால் எடுக்க வேண்டும். ஒற்றை பம்பில் இரண்டு பக்கமும் எடுத்து முடிக்க அரை மணி நேரம் ஆகும். இரட்டை பம்பில் கால் மணி நேரத்தில் முடித்துவிட்டுச் சாப்பிடவும் போகலாம். கடையில் உங்களுக்குக் கிடைக்கப்போகும் நேரம் கொஞ்சம்தான்; காசு கொடுத்து வாங்குவது அந்தக் கால் மணி நேரத்தைத்தான். உள்ளாடைக்குள் வைத்துக்கொண்டே வேலை பார்க்கும் சின்ன பம்புகளும் இப்போது வருகின்றன. அதை மட்டுமே நம்பி ஒரு முழு வேலைநாளை ஓட்டுவதை நான் பரிந்துரைப்பதில்லை. இடம் கொஞ்சம் நகர்ந்தாலும் பால் முழுதாக இறங்காமல் கட்டிக்கொள்ளும். ரப்பர் உருண்டையை அமுக்கி இழுக்கும் பழைய வகை சில கடைகளில் இன்னும் தொங்குகிறது. அதைத் தொடவே வேண்டாம். உருண்டைக்குள் பால் போய்த் தங்கும், உள்ளே கழுவ வழியே இல்லை.

கடையில் நிற்கும்போது “எவ்வளவு இழுக்கும்?” என்பதைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். மூடிய அமைப்பா என்று முதலில் கேளுங்கள். பால் இருக்கும் பகுதிக்கும் மோட்டாருக்குப் போகும் குழாய்க்கும் நடுவே ஒரு தடுப்பு இருந்தால் அது மூடிய அமைப்பு. அது இல்லாவிட்டால் பால் குழாய்க்குள் ஏறும், ஈரம் தங்கும், பூஞ்சை பிடிக்கும். அக்காவோ நாத்தனாரோ பயன்படுத்தியதை வாங்கிக்கொள்ளலாமா என்று யோசித்தால் இதே காரணத்துக்காக வேண்டாம் என்பேன். குறிப்பாகத் தடுப்பு இல்லாத பம்பைக் கை மாற்றவே கூடாது. இழுவையைப் பொறுத்தவரை, நல்ல பம்புகள் சுமார் 250 மி.மீ. பாதரச அளவு வரை இழுக்கும். அந்த உச்சத்துக்குப் போகத் தேவையில்லை. வலி தொடங்கும் இடத்துக்கு ஒரு படி கீழேதான் பால் நன்றாக வரும், ஏனென்றால் வலித்தால் பால் இறங்குவதே தடைபடும். முதலில் வேகமாக, லேசான இழுப்பாக ஓடிப் பாலை இறக்கவும், பிறகு நிதானமாக, ஆழமாக இழுக்கவும் இரண்டு நிலை இருக்கிறதா என்று பாருங்கள்.

புனல் அளவுதான் பலர் கோட்டைவிடும் இடம். பெட்டியில் பெரும்பாலும் 24 மி.மீ. புனல் வரும். நிறையப் பெண்களுக்கு அது பெரிது. காம்பின் அடிப்பகுதியின் குறுக்களவை மட்டும் ஸ்கேலால் அளந்து பாருங்கள். சுற்றியுள்ள கருவட்டத்தைச் சேர்க்கக் கூடாது. அதோடு இரண்டு மூன்று மி.மீ. வரை கூட்டினால் உங்கள் அளவு. இழுக்கும்போது காம்பு நடுவில் தாராளமாகப் போய்வர வேண்டும். காம்பு சுவரில் உரசினால் புனல் சிறியது. கருவட்டம் கொத்தாக உள்ளே போனால் பெரியது. எடுத்து முடித்ததும் காம்பு வெளுத்தோ ஊதாவாகவோ இருந்தால் அளவோ இழுவையோ தவறு. உள்ளே பொருத்தும் சிலிக்கான் வளையங்கள் தனியாகக் கிடைக்கின்றன, அதற்காகப் புது பம்ப் வாங்க வேண்டியதில்லை. அப்படியே மாற்று வால்வு தனியாகக் கிடைக்கும் நிறுவனத்தின் பம்பாக வாங்குங்கள். தினமும் ஓடும் பம்பில் அந்தச் சின்ன சிலிக்கான் வால்வுதான் முதலில் கிழியும். “திடீரென்று பால் குறைந்துவிட்டது” என்று வருகிறவர்களிடம் நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.

கரண்ட் விஷயம். செருகினால் மட்டும் ஓடும் பம்ப் நம் பக்கத்துக்கு உதவாது. உள்ளே பேட்டரி இருந்து, யு.எஸ்.பி. வழியாக பவர் பேங்கிலும் சார்ஜ் ஏறுகிற மாதிரி பாருங்கள். உங்களுக்குப் பிரசவம் மழைக்காலத்தில். 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது டெல்டாவில் எத்தனையோ கிராமங்களுக்கு வாரக்கணக்கில் மின்சாரம் வரவில்லை. அதனால் எவ்வளவு நல்ல எலெக்ட்ரிக் பம்ப் வாங்கினாலும் கூடவே ஒரு சாதாரணக் கை பம்பும் வைத்திருங்கள், கையால் எடுக்கவும் தெரிந்திருங்கள். நீண்ட நேரம் கரண்ட் இல்லையென்றால் ஃபிரிட்ஜைத் திறக்காதீர்கள். மூடியே இருந்தால் ஃபிரீசர் அல்லாத பகுதி சுமார் 4 மணி நேரமும், நிறைந்த ஃபிரீசர் சுமார் 48 மணி நேரமும் குளிர் தாங்கும்.

அப்புறம் வெயில். எடுத்த பால் வெளியே 4 மணி நேரம் இருக்கலாம் என்று படித்திருப்பீர்கள். அந்தக் கணக்கு 25 டிகிரிக்குள் உள்ள அறைக்கு. பங்குனி, சித்திரையில் நம் வீடுகளில் அந்த அளவு எங்கே இருக்கிறது? எடுத்தவுடனே குளிரில் வைத்துவிட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடையில் ஃபிரிட்ஜ் இல்லாவிட்டால், நன்கு உறைந்த ஐஸ் பேக் போட்ட வெப்பம் புகாத பையில் 24 மணி நேரம் வரை வைக்கலாம்; பஸ்ஸில் வீடு வந்து சேர அது தாராளம். வீட்டில் ஃபிரிட்ஜின் உட்புறத்தில் 4 நாள். கதவில் வைக்க வேண்டாம், திறக்கும்போதெல்லாம் சூடு படும் இடம் அது. பாட்டிலின் மேல் தேதியும் நேரமும் எழுதி, பழையதை முதலில் கொடுங்கள். பம்பின் பாகங்களை சிங்க்கில் போடாமல் தனிப் பாத்திரத்தில் சோப்பால் கழுவி, தினம் ஒரு முறை 5 நிமிடம் கொதிக்க வையுங்கள். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் வால்வில் வெள்ளையாகப் படியும், அதனால் கொதிக்க வைக்கக் குடிதண்ணீரைப் பயன்படுத்துங்கள்.

வேலைக்குப் போவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பு, காலையில் பிள்ளை குடித்து முடித்த அரை மணி நேரம் கழித்து ஒரு முறை எடுத்துப் பழகுங்கள். அப்போது 30 மி.லி. வந்தால் கலங்க வேண்டாம். வயிறு நிறையக் குடித்தபின் மிச்சத்தைத்தான் எடுக்கிறீர்கள். கடையில் ஒரு வேளைப் பாலுக்குப் பதிலாக எடுக்கும்போது இரண்டு பக்கமும் சேர்த்து 60 முதல் 120 மி.லி. வருவது இயல்பு. உங்களுக்கு எவ்வளவு சுரக்கிறது என்பதை பம்ப் காட்டாது. பிள்ளை ஒரு நாளைக்கு ஆறு முறைக்கு மேல் சிறுநீர் கழித்து, எடையும் ஏறினால் பால் போதுகிறது. மார்பில் ஒரு இடம் கல் மாதிரி இறுகிச் சிவந்து காய்ச்சலும் வந்தால் மறுநாள் வரை காத்திருக்காமல் மருத்துவரைப் பாருங்கள். அந்த நேரத்திலும் பால் கொடுப்பதை நிறுத்த வேண்டியதில்லை.

மாமியாரின் கவலையை ஒதுக்கித் தள்ளாதீர்கள். நம் வெயிலில் பால் எவ்வளவு சீக்கிரம் கெடும் என்று பார்த்து வளர்ந்தவர் அவர். ஃபிரிட்ஜில் வைத்த தாய்ப்பால் மேலே ஏடு போலப் பிரிந்து நிற்கும், அதைப் பார்த்துத் திரிந்துவிட்டது என்று நினைப்பார். மெதுவாகச் சுழற்றினால் கலந்துவிடும் என்று காட்டுங்கள். லேசான சோப்பு வாசனை வந்தாலும் கெட்டதில்லை. புளித்த வாடை அடித்தால்தான் கொட்ட வேண்டும். அடுப்பில் வைத்துக் காய்ச்சக் கூடாது, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்துச் சூடேற்ற வேண்டும், பிள்ளை குடித்து மிச்சம் வைத்ததை இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு தரக் கூடாது. இந்த மூன்றையும் அவரிடம் சொல்லுங்கள். புகட்டுவதற்கென்று நிப்பிள் பாட்டில் வாங்க வேண்டாம். மூக்கு வைத்த சின்னக் கிண்ணமான பாலாடையில் புகட்ட அவருக்கு உங்களையும் என்னையும் விட நன்றாகத் தெரியும். குறைமாதக் குழந்தைகளுக்கு மருத்துவமனைகளிலேயே பாலாடையில்தான் கொடுக்கிறோம். வேலைக்குப் போவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே தினம் ஒரு வேளை அவர் புகட்டட்டும். அந்த நேரத்தில் நீங்கள் அறையில் இருக்காதீர்கள், உங்கள் வாசனை வந்தால் பிள்ளை பாலாடையை வாங்காது.