லோபெஸ் தீவிலிருந்து திரும்பிய சைக்கிளும் கூடாரமும்

முதல் நெடும்பயணத்தை முடித்ததற்கு வாழ்த்துகள். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்து லோபெஸ் தீவில், ஸ்பென்சர் ஸ்பிட் கடற்கரையில் மூன்று இரவு தங்கிச் சைக்கிளில் திரும்பியதிலிருந்து செயின் கீச்சிடுகிறது, பின்சக்கரத்தில் ஒரு ஸ்போக் (சக்கரக் கம்பி) உடைந்திருக்கிறது, கூடாரம் நாறுகிறது என்று எழுதியிருந்தீர்கள்.

கூடாரம்தான் அவசரம், இன்றே பையிலிருந்து எடுங்கள். ஈரத்தோடு சுருட்டிக் கிடந்தால் துணியின் பாலியூரித்தேன் பூச்சு சிதைந்து பிசுபிசுக்கும். அதை மீட்க முடியாது. நல்ல தண்ணீரில் அலசி, ஜிப்பிலுள்ள உப்பையும் மணலையும் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, நிழலில் முழுக்கக் காயவிடுங்கள். வாஷிங் மெஷின் வேண்டவே வேண்டாம்.

செயினுக்கு நேராக எண்ணெய் விடாதீர்கள். உப்பும் மணலும் எண்ணெயோடு சேர்ந்து இணைப்புகளை அரைக்கும். கழுவி, துடைத்து, உலர்ந்தபின் ஒவ்வொரு உருளைக்கும் ஒரு சொட்டு போதும். அப்படியே அளந்தும் பாருங்கள்: புதுச் செயினில் 24 கண்ணிகள் 304.8 மி.மீ. இருக்கும். பின்னால் 11 கியர் உள்ள சைக்கிளின் செயினில் அதே நீளம் 306.3 மி.மீ.-ஐத் தாண்டியிருந்தால் மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் பல்சக்கரங்களும் தேயும்.

ஸ்போக், சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்பில் மாட்டும் வளைவருகே உடைந்திருந்தால் காரணம் பெரும்பாலும் இழுவிசைக் குறைவு. பின்பைகளின் பாரத்தில் ஒவ்வொரு சுழற்சிக்கும் தளர்ந்து இறுகிக் கம்பி களைத்துப்போகிறது. ஆகவே ஒன்றை மட்டும் மாற்றி நிறுத்தாமல், எல்லாவற்றின் இழுவிசையையும் சரிபார்க்கச் சொல்லுங்கள். நீளம் ஒத்துப்போக, உடைந்த துண்டுகளைக் கடைக்கு எடுத்துச் செல்லுங்கள். மறுபடியும் ஒன்று உடைந்தால் முழுச் சக்கரத்துக்கும் புது ஸ்போக் போடுவதே சரி.

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன்: இரும்புச் சட்டத்தில் அலுமினிய சீட் போஸ்ட் (இருக்கையைத் தாங்கும் குழாய்) என்றால், உயரத்தைக் குறித்துக்கொண்டு வெளியே எடுத்து, துடைத்து, கிரீஸ் தடவுங்கள். உப்புநீர் அதை உள்ளேயே இறுக்கிவிடும்.