முதல் கடனில் பழைய போலோ ஜிடி வாங்கலாமா?

கேள்வி: வயது 24. மார்த்தாண்டத்தில் தனியார் வேலை, கையில் கிடைப்பது மாதம் 28,000 ரூபாய். இதுவரை கடனே வாங்கியதில்லை. திருவனந்தபுரத்தில் 2017 மாடல் ஃபோக்ஸ்வேகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ கார் 6 லட்சத்துக்கு வந்திருக்கிறது. கையில் 2 லட்சம் உண்டு. மீதி 4 லட்சத்துக்கு லோன் முடித்துத் தருவதாகப் புரோக்கர் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: இந்தக் கணக்கில் வேண்டாம். ஆசை தவறில்லை, வரிசைதான் தவறு. கார் பிடித்த பிறகு கடன் தேடினால், கிடைக்கிற வட்டிக்குத் தலையாட்ட வேண்டி வரும்.

கடனே வாங்காதவருக்கு சிபில் ஸ்கோர் (கடனை ஒழுங்காகக் கட்டுகிறவரா என்று காட்டும் மதிப்பெண்) குறைவாக இருக்காது. பெரும்பாலும் ஸ்கோரே இருக்காது. சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் ஆகிய நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் வருடத்துக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். நீங்களே எடுத்துப் பார்ப்பதால் ஸ்கோர் குறையாது. ஆனால் புரோக்கர் ஒரே வாரத்தில் ஐந்தாறு நிறுவனங்களுக்கு உங்கள் பான் எண்ணை அனுப்பினால், ஒவ்வொரு விசாரணையும் அறிக்கையில் பதிவாகும். புதிதாகக் கடன் கேட்பவருக்கு அது பெரிய அடி. எழுத்தில் வட்டி விகிதம் தராதவரிடம் ஆதார், பான் நகல்களைக் கொடுக்காதீர்கள்.

வட்டி 15 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 4 லட்சத்தை 3 வருடத்தில் அடைக்க மாதத் தவணை சுமார் 13,870 ரூபாய். உங்கள் சம்பளத்தில் பாதி. 5 வருடமாக நீட்டினால் 9,520 ரூபாய்தான், ஆனால் மொத்த வட்டி 99,000-லிருந்து 1,71,000 ஆகிவிடும். அதோடு, கடன் முடியும்போது காரின் வயது 10 தாண்டக் கூடாது என்று பல நிறுவனங்கள் பார்க்கும். 2017 மாடலுக்கு நீண்ட தவணை கிடைப்பதே கடினம். ‘ஃபிளாட் 10 சதவீதம்’ (அசல் குறைந்தாலும் முதல் தொகைக்கே கடைசி வரை வட்டி) என்றால் மலிவு என்று நினைக்காதீர்கள்: 3 வருடத்துக்கு அது குறையும் நிலுவைக் கணக்கில் கிட்டத்தட்ட 18 சதவீதம். இன்னொன்று, விற்பவர் கேட்கும் விலைக்குக் கடன் வராது. நிறுவனம் தானே போடும் மதிப்பீட்டில் ஒரு பங்குதான் வரும்.

3 லட்சம், 4 வருடம், தவணை 8,350 ரூபாய்: உங்கள் சம்பளத்துக்கு அதுவே உச்சம். சம்பளமோ பென்ஷனோ உள்ள அப்பா, அண்ணனை இணை விண்ணப்பதாரராகச் சேர்த்தால் வட்டி குறைய வாய்ப்புண்டு. அவசரம் இல்லையென்றால் 20,000 ரூபாய் வைப்புத்தொகையின் பேரில் கிரெடிட் கார்டு எடுத்து, வரம்பில் 30 சதவீதத்துக்குள் செலவழித்து, பில்லை முழுதாகக் கட்டுங்கள். ஆறேழு மாதத்தில் ஸ்கோர் உருவாகும். வங்கி நகைக்கடனும் ஒரு வழிதான். ஸ்கோர் பெரிதாகத் தடையாகாது, ஆர்சியில் அடமானப் பதிவும் வராது. ஆனால் மாதாமாதம் அசலையும் குறைக்க முடிந்தால் மட்டும் போங்கள். அம்மாவின் நகை ஏலத்துக்குப் போகிற அளவுக்கு எந்தக் காரும் முக்கியமில்லை.

காருக்கு வருவோம். அந்த வருட ஜிடி டிஎஸ்ஐயில் இருப்பது 7 கியர் டிஎஸ்ஜி, அதாவது இரட்டைக் கிளட்ச் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், அதிலும் உலர் கிளட்ச் வகை. நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து ஓடினால் கிளட்ச் சூடேறித் தேயும்; கியர் மாற்றத்தைக் கட்டுப்படுத்தும் மெக்கட்ரானிக் யூனிட் போனால் செலவு லட்சத்தைத் தொடலாம். எனவே இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது போய் நீங்களே ஸ்டார்ட் செய்யுங்கள். அரை மணி நேரம் ஓட்டிச் சூடான பிறகு, நெரிசலில் 1-லிருந்து 2-க்கு மாறும்போது நடுக்கம் வருகிறதா, ஏற்றத்தில் ரிவர்ஸ் எடுக்கும்போது திணறுகிறதா, கியர் எழுத்து மின்னுகிறதா என்று பாருங்கள். ஸ்கேன் டூல் போட்டுக் கியர்பாக்ஸின் பிழைக் குறியீடுகளையும் படிக்கச் சொல்லுங்கள். ரீமேப் செய்த கார் (சக்தியைக் கூட்ட இன்ஜின் மென்பொருளை மாற்றியது) என்றால் விட்டுவிடுவது நல்லது. மேலே சொன்ன கடன் அளவுக்குள் வரும் 1.0 டிஎஸ்ஐ 6 கியர் மேனுவல் போலோ (2020 முதல் 2022 வரை) கிடைத்தால் அதையே எடுப்பேன். 110 குதிரைத்திறன் இந்த ஊர் சாலைகளுக்குத் தாராளம்.

கேரளக் கார் என்பதால் 2018 வெள்ளத்தையும் மறக்கக் கூடாது. சீட் பெல்ட்டை முழுதாக இழுத்துச் சேற்றுக் கோடு தெரிகிறதா, சீட் தண்டவாளத்தில் துரு இருக்கிறதா பாருங்கள். கார் கடற்கரையோரம் நின்றதென்றால் லிஃப்டில் ஏற்றி அடிப்பாகத்தையும் பிரேக் குழாய்களையும் பார்த்தே ஆக வேண்டும்.

தாள்களில் முதலில் பார்க்க வேண்டியது பழைய அடமானம். அது இருந்தால் வங்கியின் என்ஓசியும் (தடையில்லாச் சான்று), அடமானத்தை நீக்கும் படிவம் 35-ம் வேண்டும். கேரள ஆர்டிஓவிடமிருந்து படிவம் 28 வழியாக என்ஓசி வாங்கி, மார்த்தாண்டத்தின் டிஎன் 75 பதிவுக்கு மாற்ற வேண்டும். இங்கே கட்ட வேண்டிய வாகன வரி எவ்வளவு என்று மார்த்தாண்டம் ஆர்டிஓவில் முன்பே கேட்டு, விலையில் கழித்துப் பேசுங்கள். அட்வான்ஸ் ஒப்பந்தத்தில் ‘என்ஓசி வராவிட்டால் முழுப்பணம் திரும்ப’ என்ற வரி கட்டாயம். இன்சூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். பழைய உரிமையாளரின் நோ கிளெய்ம் போனஸ் (இழப்பீடு கேட்காததற்கான பிரீமியத் தள்ளுபடி) உங்களுக்கு வராது, அந்த வித்தியாசத்தை நீங்கள்தான் கட்ட வேண்டும்.