வாசகர் கேள்விகள்: தற்காப்புத் துப்பாக்கியும் மனசும்

துப்பாக்கி வைத்திருப்பவர்களிடமிருந்தும் அவர்கள் குடும்பத்தாரிடமிருந்தும் வந்த கேள்விகளுக்கு மனநல மருத்துவர், துப்பாக்கிப் பயிற்சியாளர், வழக்கறிஞர் மூவரும் சேர்ந்து பதில் தருகிறார்கள்.

பக்கத்துத் தெருவில் திருட்டு நடந்ததும் என் கணவர் 9 எம்.எம். பிஸ்டல் வாங்கிவிட்டார். வாராவாரம் துப்பாக்கி சுடப் பழகும் ரேஞ்சுக்குப் போகிறார், குறி தப்புவதே இல்லை. "நேரம் வந்தால் கை தானா வேலை செய்யும்" என்கிறார். நிஜமா?
– வாசகி, பிளேனோ, டெக்சாஸ்

கை வேலை செய்யும். என்ன வேலை செய்யும் என்பதில்தான் சிக்கல். ரேஞ்சில் நல்ல வெளிச்சம், காதுக்குச் சத்தம் அடக்கும் மஃப், எதிரே நகராத காகிதம். எப்போது சுடப்போகிறோம் என்பதும் முன்பே தெரியும். நள்ளிரவில் சத்தம் கேட்டு விழிப்பவருக்கு இதில் ஒன்றும் கிடையாது. நியூயார்க் போலீஸாரைப் பற்றி ராண்ட் என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனம் ஓர் ஆய்வு செய்தது. 1998 முதல் 2006 வரை எதிராளியும் சுட்ட மோதல்களில் போலீஸ் சுட்டதில் இலக்கைத் தொட்டது 18 சதவீதம்தான். எதிராளி சுடாதபோதே 30 சதவீதம். இத்தனைக்கும் இது அவர்கள் தொழில். தப்பிய தோட்டாக்கள் எங்கேயாவது போய்த்தான் சேரும். உங்கள் வீட்டு உட்சுவர்கள் ஜிப்சம் பலகையாகத்தான் இருக்கும். 9 எம்.எம். தோட்டா அதில் இரண்டு மூன்றைச் சுலபமாகத் துளைத்துவிடும். பிள்ளைகள் படுக்கும் அறை எந்தப் பக்கம் என்பதை அவர் முதலில் கணக்குப் பார்க்கட்டும்.

அந்த நேரத்தில் கண்ணும் காதும் வேறு மாதிரி நடந்துகொள்ளும். சுட நேர்ந்த 157 அமெரிக்கப் போலீஸாரிடம் உளவியலாளர் அலெக்சிஸ் ஆர்ட்வோல் விசாரித்தார். 84 சதவீதம் பேருக்குச் சத்தம் மங்கிப்போயிருந்தது. தன் துப்பாக்கி வெடித்ததே சரியாகக் கேட்கவில்லை என்பவர்களும் இதில் உண்டு. 79 சதவீதத்தினருக்குப் பார்வை குழாய் வழியே பார்ப்பதுபோல் சுருங்கியது. 62 சதவீதம் பேர் காலம் மெதுவாக நகர்ந்தது என்றார்கள். 74 சதவீதம் பேர் யோசிக்காமல் தன்போக்கில் இயங்கியிருக்கிறார்கள். 7 சதவீதம் பேர் சற்று நேரம் அப்படியே உறைந்து நின்றுவிட்டார்கள். 'கை தானா வேலை செய்யும்' என்பது அந்த 74-ல் சேரும். ஆனால் தானாக வருவது பழகியது மட்டுமே. காகிதத்தைச் சுட மட்டும் பழகிய கை சுடத்தான் செய்யும். சுடாமல் நிறுத்தும் பழக்கம் அதற்கு இருக்காது.

விரல் விஷயத்தைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். நினைக்காமலே துப்பாக்கி வெடிப்பதற்கு உடலியல் ஆய்வாளர் ரோஜர் எனோகா 1991-ல் மூன்று காரணங்கள் சொன்னார்: திடுக்கிடுவது, கால் தடுமாறுவது, ஒரு கை இறுகும்போது மறுகையும் கூடவே இறுகுவது. மூன்றாவதைத்தான் யாரும் எதிர்பார்ப்பதில்லை. இடது கையால் கதவுப் பிடியைத் திருகும்போதோ பிள்ளையின் கையை இறுகப் பிடிக்கும்போதோ, வலது கையின் விரல்களும் தன்னை அறியாமல் மடங்கும். ஆள்காட்டி விரல் டிரிகர் மேல் இருந்தால் தோட்டா கிளம்பிவிடும். ஆகவே, சுடுவது என்று முடிவெடுக்கும் வரை விரல் டிரிகர் வளையத்துக்கு வெளியே, பிஸ்டலின் பக்கவாட்டில் நீட்டிப் படிந்திருக்க வேண்டும். தோட்டா இல்லாத பிஸ்டலை வைத்துத் தினமும் பத்து நிமிடம் இதைப் பழகலாம். தோட்டாக்களை வேறு அறையில் வைத்துவிட்டு, சேம்பரை (தோட்டா உட்காரும் அறை) கண்ணாலும் விரலாலும் பார்த்த பிறகே தொடங்க வேண்டும்.

சத்தம் கேட்டதும் துப்பாக்கியோடு வீடு முழுக்கத் தேடிப்போவது சினிமாவில் எடுபடும். நிஜத்தில், மறைந்திருப்பவனுக்கே அது சாதகம். எல்லோரையும் ஒரே அறைக்குள் வரச்செய்து, கதவைப் பூட்டி, போலீஸ் அவசர எண் 911-க்கு அழைத்து, அழைப்பைத் துண்டிக்காமல் வையுங்கள். "போலீஸ் வருகிறது, வெளியே போ" என்று உரக்கக் கத்தலாம். டார்ச் தனியாக இருக்கட்டும். துப்பாக்கியில் மாட்டிய விளக்கால் பார்ப்பதென்றால், பார்க்கிற ஆளையெல்லாம் குறிவைக்க வேண்டியிருக்கும். உங்கள் கணவருக்கு இன்னும் நாற்பது முறை ரேஞ்சுக்குப் போவதைவிட, சாயத் தோட்டாவோடு ஆள் எதிரே நின்று நடத்தும் சூழ்நிலைப் பயிற்சி ஒருமுறை கிடைத்தால் அதிகப் பயன். சூழ்நிலைகளில் பாதியாவது 'சுடக்கூடாது' என்று முடியும் வகுப்பாகப் பார்த்துச் சேருங்கள்.

மனிதனுக்கு மனிதனைக் கொல்ல இயல்பாகவே மனசு வராது, இரண்டாம் உலகப் போரில் நூற்றுக்கு 15, 20 பேர்தான் சுட்டார்கள் என்கிறார்களே?
– கல்லூரி மாணவர், திருச்சி

அது அமெரிக்க ராணுவ வரலாற்றாளர் எஸ்.எல்.ஏ. மார்ஷல் 1947-ல் சொன்ன கணக்கு. அதற்கு ஆதாரமான குறிப்புகள் எதுவும் அவரிடம் இல்லை என்று 1980-களில் ராணுவ வரலாற்றாளர்கள் காட்டிவிட்டார்கள். தயக்கம் இருப்பது உண்மை, அந்தச் சதவீதத்தை மறந்துவிடுங்கள்.

மகன் கல்லூரியிலிருந்து சொல்லாமல் கொள்ளாமல் இரவில் வந்து நிற்பான். வீட்டில் துப்பாக்கி இருப்பதால் எனக்கு அதுவே பயமாக இருக்கிறது.
– வாசகி, ஹூஸ்டன்

நியாயமான பயம். 'ஆபத்து' என்று மூளை தீர்மானித்துவிட்டால், பிறகு கண்ணில் படுவதெல்லாம் அதற்குச் சாட்சியாகவே தெரியும். பர்ஸ் துப்பாக்கி ஆகிவிடும். 1999 பிப்ரவரியில் நியூயார்க்கின் பிராங்க்ஸில் அமடூ டியாலோ என்ற இளைஞர் தன் பர்ஸை எடுத்தபோது நான்கு போலீஸார் 41 முறை சுட்டார்கள், 19 தோட்டாக்கள் அவர் உடலில் பாய்ந்தன. அதற்கு முன் 1992 அக்டோபரில் லூசியானாவின் பேட்டன் ரூஜில், ஹாலோவீன் விருந்துக்குப் போன யோஷிஹிரோ ஹட்டோரி என்ற 16 வயது ஜப்பானிய மாணவர் வீடு மாறிக் கதவைத் தட்டினார். கையில் கேமரா. நில் என்று வீட்டுக்காரர் எச்சரித்தும் அவர் முன்னே வர, சுட்டுவிட்டார். குற்ற வழக்கில் வீட்டுக்காரருக்கு விடுதலை. சிவில் வழக்கில் சுமார் 6.5 லட்சம் டாலர் இழப்பீடு தரச்சொல்லித் தீர்ப்பு. அந்த வீட்டுக்குள்ளிருந்தவர்கள் பூட்டிய கதவுக்குப் பின்னால் இருந்தபடியே போலீஸை அழைத்திருக்கலாம் என்பதைக் கவனியுங்கள்.

உங்கள் வீட்டுக்கு மூன்று ஏற்பாடுகள் போதும். வாசலிலும் கூடத்திலும் ஆள் நடமாட்டம் தெரிந்தால் எரியும் விளக்கு. மகன் உள்ளே நுழைந்ததும் உரக்கச் சொல்ல ஒரு வார்த்தை, அதை வீட்டிலுள்ள எல்லோரும் அறிந்திருக்க வேண்டும். துப்பாக்கி தலையணைக்கடியில் வேண்டாம். எண் அழுத்தித் திறக்கும் சிறு பெட்டியில், படுக்கையிலிருந்து எழுந்து நான்கு எட்டு நடந்து எடுக்கிற தூரத்தில் இருக்கட்டும். அந்த நான்கு எட்டு தூக்கம் கலைவதற்கான நேரம்.

அட்லாண்டா பக்கம் பெட்ரோல் பங்க் நடத்தும் என் தம்பி, கொள்ளையடிக்க வந்தவனைச் சுட்டான். வந்தவன் இறந்துவிட்டான். கிராண்ட் ஜூரி (வழக்குத் தொடரலாமா என்று முடிவு செய்யும் பொதுமக்கள் குழு) வழக்குத் தொடரச் சொல்லவில்லை. ஆனால் நான்கு மாதமாகத் தம்பிக்குத் தூக்கமில்லை. கடைக்கு வருகிறவர்கள் 'ஹீரோ' என்கிறார்கள், அவன் கடைக்குப் போவதையே நிறுத்திவிட்டான். இரண்டு முறைதான் சுட்டேன் என்று போலீஸிடம் சொன்னான், கிடைத்தது ஐந்து காலித் தோட்டாக் குப்பி. பொய் சொன்னதாக அவனே தன்னைத் திட்டிக்கொள்கிறான்.
– வாசகர், எடிசன், நியூஜெர்சி

அவர் பொய் சொல்லவில்லை. முன்னால் சொன்ன ஆர்ட்வோல் ஆய்விலேயே 52 சதவீதம் பேருக்குச் சம்பவத்தின் ஒரு பகுதி நினைவில் இல்லை. 46 சதவீதம் பேருக்குத் தான் செய்ததிலேயே ஒரு பகுதி ஞாபகமில்லை. சுட்ட எண்ணிக்கை, தூரம், நொடிக்கணக்கு மூன்றும்தான் அடிக்கடி தவறிப்போகும். இதனால்தான் வழக்கறிஞர்கள் சம்பவ இடத்தில் கொஞ்சமாகப் பேசச் சொல்கிறார்கள். முகவரி, ஆம்புலன்ஸ் வேண்டும், தாக்கப்பட்டது நான், நான் அணிந்திருப்பது இன்ன நிறச் சட்டை, சாட்சி இன்னார், தாக்கியவன் கத்தி அங்கே கிடக்கிறது. இவ்வளவையும் சொல்லிவிட்டு, "முழு வாக்குமூலம் வழக்கறிஞரோடு வந்து தருகிறேன்" என்றால் போதும். எண்ணிக்கையை ஊகித்துச் சொல்லவே கூடாது.

தூக்கத்துக்கு வருவோம். முதல் சில மணி நேரம் கைநடுக்கம், வாந்தி, ஓயாத பேச்சு, அடிக்கடி சிறுநீர் எல்லாம் அட்ரினலின் இறங்கும்போது நடப்பவை. உயிர் பிழைத்த சந்தோஷமும் வரும். பிறகு, 'ஒருவன் செத்ததில் நான் சந்தோஷப்பட்டேனே' என்று அதுவே குத்தும். முதல் சில வாரம் காட்சிகள் திரும்பத் திரும்ப வருவதும் வழக்கம்தான், பெரும்பாலோருக்குத் தானே அடங்கும். ஒரு மாதம் தாண்டியும் கெட்ட கனவு, சிறு சத்தத்துக்கும் துள்ளுவது, அந்த இடத்தைத் தவிர்ப்பது, மனசு மரத்துப்போவது எல்லாம் நீடித்தால் அது பி.டி.எஸ்.டி.யா (அதிர்ச்சிக்குப் பிந்தைய மனநலப் பாதிப்பு) என்று பார்த்தாக வேண்டும். நான்கு மாதமும், கடைக்குப் போகாததும் நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். இனிக் காத்திருக்க வேண்டாம்.

சம்பவம் நடந்தவுடன் எல்லோரையும் உட்காரவைத்து ஒரே அமர்வில் கொட்டச் சொல்லும் முறை முன்பு பிரபலம். அது பி.டி.எஸ்.டி.யைத் தடுப்பதில்லை, சிலருக்குக் கெடுதலும் செய்கிறது என்பது இப்போது தெளிவு. பலன் தருவது, அதிர்ச்சியை மையமாக வைத்த சி.பி.டி. (எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றும் பேச்சு முறை) சிகிச்சை அல்லது கண்களை அசைத்தபடி நினைவைக் கையாளும் இ.எம்.டி.ஆர். பொதுவாக வாரம் ஒன்றாக எட்டு முதல் பதினாறு அமர்வு. மருந்து தேவைப்பட்டால் செர்ட்ரலின், பராக்ஸடின் இரண்டுக்கும் இதற்கென அமெரிக்க அனுமதி உண்டு. தூக்கத்துக்கு மதுவோ, நண்பர் தரும் அல்பிரஸோலம் என்ற பதற்றத் தணிப்பு மாத்திரையோ வேண்டவே வேண்டாம்.

இரண்டு எச்சரிக்கைகள். தம்பி உங்களிடம் மனம்விட்டுப் பேசுவதை நீதிமன்றம் நாளை உங்களிடமே கேட்கலாம். அண்ணன் தம்பி பேச்சுக்குச் சட்டப் பாதுகாப்பு கிடையாது. விவரங்களை வழக்கறிஞரிடமும் சிகிச்சையாளரிடமும் சொல்லட்டும். நீங்கள் கூட இருங்கள், சாப்பிடவையுங்கள், நடக்கக் கூட்டிப்போங்கள், 'எப்படி நடந்தது' என்று மட்டும் கேட்காதீர்கள். இரண்டாவது, வீட்டில் வேறு துப்பாக்கி இருந்தால் சில மாதம் வெளியே வைக்க ஏற்பாடு செய்யுங்கள். அமெரிக்காவில் 2021-ல் துப்பாக்கியால் இறந்த 48,830 பேரில் 26,328 பேர் தற்கொலை செய்துகொண்டவர்கள். தற்கொலை எண்ணம் வருகிறதா என்று நேரடியாகவே கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. அவசரத்துக்கு 988, அமெரிக்காவின் தற்கொலைத் தடுப்பு உதவி எண். 'ஹீரோ' என்பவர்களிடம் "அவன் அதைப் பற்றிப் பேச விரும்பவில்லை" என்று நீங்களே சொல்லிவிடலாம். பாராட்டும்போதெல்லாம் அந்த இரவு அவருக்குத் திரும்ப வருகிறது.

வானத்தைப் பார்த்து ஒரு வெடி போட்டு மிரட்டினால் போதாதா?
– வாசகர், சிகாகோ

போகிற தோட்டா வானத்திலேயே நின்றுவிடாது. சட்டமும் பல மாநிலங்களில் அதை உயிர்ப்பறிக்கும் பலப்பிரயோகமாகவே பார்க்கும். சுட நியாயம் இல்லாதபோது எச்சரிக்கைக்கும் நியாயம் இல்லை.

தேனிப் பக்கம் தோட்டத்து வீட்டில் தனியாக இருக்கிறேன். அப்பா வைத்திருந்த இரட்டைக்குழல் துப்பாக்கிக்கு என் பெயரில் லைசென்ஸ் வாங்கியிருக்கிறேன். ராத்திரி களவாணி வந்தால் சுடலாமா?
– பெயர் வேண்டாம் என்ற வாசகர்

2024 ஜூலை 1 முதல் தற்காப்புரிமை, இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையான பிரிவுகளில் இருக்கிறது. உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ நியாயமான அச்சம் இருந்தால் 38-வது பிரிவு கைகொடுக்கும். பூட்டை உடைத்து இரவில் வீட்டுக்குள் நுழைபவன் விஷயத்தில் 41-வது பிரிவும் உண்டு. ஆனால் 37-வது பிரிவு கடிவாளம்: தேவைக்கு மேல் தீங்கு கூடாது, போலீஸை அழைக்க நேரம் இருந்தால் உரிமையே இல்லை. தேங்காய் மூட்டையோடு ஓடுகிறவனைச் சுட்டால் அது தற்காப்பு ஆகாது. தர்ஷன் சிங் வழக்கில் 2010-ல் உச்ச நீதிமன்றம், ஆபத்தில் இருப்பவன் செய்ததைத் தங்கத் தராசில் நிறுத்துப் பார்க்கக்கூடாது என்றது. அந்தச் சலுகை பயந்தவனுக்குத்தான், ஆத்திரப்பட்டவனுக்கு அல்ல.

பயத்தையும் ஆத்திரத்தையும் அந்த நேரத்தில் பிரித்தறிவது கடினம், இரண்டிலும் நெஞ்சு ஒரே மாதிரிதான் அடிக்கும். தவிர, ஆபத்து விலகியதைக் கண் பார்த்து மூளை விரலை நிறுத்துவதற்குள் ஒரு கண நேரம் ஓடிவிடும். அதற்குள் எதிராளி திரும்பியிருப்பான். பிரேதப் பரிசோதனையில் காயம் முதுகில் இருக்கும், 'ஓடுகிறவனைச் சுட்டான்' என்று வழக்கு எழுதப்படும். அதனால் எதற்குச் சுடமாட்டேன் என்பதை இன்றைக்கே, பகலிலேயே, முடிவு செய்துவையுங்கள். தேங்காய், மோட்டார், ஒயர், ஆடு இவற்றுக்கு இல்லை. நான் இருக்கும் அறைக் கதவை உடைத்து ஆயுதத்தோடு வருபவனுக்கு மட்டும் என்பது நல்ல கோடு. இரண்டு நாயும், வாசலைச் சுற்றி விளக்கும், உள்ளே இரும்புத் தாழ்ப்பாளும், அவசர எண் 112-ஐ அழைக்கச் சார்ஜ் உள்ள போனும் அந்தக் கோட்டுக்கு முன்னாலேயே பெரும்பாலான ராத்திரிகளைத் தீர்த்துவிடும். லைசென்ஸில் பயிர்ப் பாதுகாப்பு என்று போட்டிருக்கிறதா, தற்காப்பு என்றா என்பதையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.