முதலில் பாயில் உட்காருங்கள்

கேள்வி: என் கணவருக்கு ஃபிஜியில், சுவா நகரத்தில், மூன்று வருட ஒப்பந்த வேலை கிடைத்திருக்கிறது. பிப்ரவரியில் புறப்படுகிறோம். சபையில் எங்களை மேடைக்கு அழைத்து, 'சுவிசேஷம் எட்டாத தீவு மக்களுக்கு மிஷனரிகள்' என்று சொல்லி ஜெபித்து அனுப்பப் போகிறார்கள். 2,000 கைப்பிரதிகளும் ஆங்கிலத்தில் அச்சாகிவிட்டன. எனக்குத்தான் பயமாக இருக்கிறது. அந்த மக்களின் பழக்கவழக்கம் எதுவும் தெரியாது. கிராமத்துக்குப் போனால் கவா என்று ஏதோ குடிக்கக் கொடுப்பார்களாம். நான் அங்கே எப்படி ஊழியம் செய்வது?
— ஒரு சகோதரி, நாகர்கோவில்

பதில்: அன்புச் சகோதரிக்கு,

உங்கள் பயம் நல்ல பயம். அது கொஞ்ச நாள் உங்களோடு இருக்கட்டும்.

'சுவிசேஷம் எட்டாத' என்பதை முதலில் விட்டுவிடுவோம். 2007 கணக்கெடுப்பின்படி ஃபிஜியில் நூற்றுக்கு 64 பேர் கிறிஸ்தவர்கள். மண்ணின் மக்களான ஃபிஜியர் ஏறக்குறைய எல்லாருமே விசுவாசிகள், அதிலும் பெரும்பாலோர் மெதடிஸ்ட். ஞாயிறு காலையில் மரத்தைக் குடைந்து செய்த லாலி முரசு ஒலித்ததும் ஊரே வெள்ளைச் சட்டையில் கோயிலுக்கு நடக்கும். வாத்தியம் இல்லாமலே நான்கு குரலில் அவர்கள் பாடுவதைக் கேட்டால், நாம் எதைச் சொல்லிக்கொடுக்க வந்தோம் என்ற கேள்வி தானாக வந்துவிடும். எனக்கு வந்தது. நானும் ஆசிரியையாக மூன்று வருடம் சுவாவில் இருந்தவள்.

அந்த மக்களுக்குச் சுவிசேஷம் எப்படிப் போனது என்பதைத் தெரிந்துகொண்டு போங்கள். மிஷனரி என்றாலே நம் மனதில் ஒரு வெள்ளைக்காரர் படம்தான் வரும். வெஸ்லியன், அதாவது மெதடிஸ்ட் மிஷனரிகள் கிராஸும் கார்கிலும் லக்கெம்பா தீவில் இறங்கியது 1835இல். அதற்கு ஐந்து வருடம் முன்பே தஹித்தித் தீவுக்காரர்கள் மூன்று பேர் போதகர்களாக வந்து சேர்ந்துவிட்டார்கள். பின்னால் தொங்காவிலிருந்து வந்த ஜோயெலி புலு சாகும்வரை ஃபிஜியிலேயே உழைத்தார். பசிபிக் முழுக்கவும் கதை இப்படித்தான். தீவுக்காரர் தீவுக்காரருக்குச் சொன்னார்.

1861இல், இன்றைய குக் தீவுகளைச் சேர்ந்த மணிஹிக்கித் தீவின் எலெக்கானா என்ற சபை உதவிக்காரர் சென்ற படகு புயலில் திசை தப்பி, வாரக்கணக்கில் கடலில் அலைந்து, இன்றைய துவாலுவில் உள்ள நுக்குலைலைத் தீவில் ஒதுங்கியது. அவரை யாரும் அனுப்பவில்லை, மேடையில் ஏற்றி ஜெபிக்கவும் இல்லை. கையில் இருந்தது ஒரு வேதப் புத்தகம். கற்க ஆசைப்பட்டவர்களுக்கு அதன் தாள்களைப் பிரித்துக் கொடுத்தார். துவாலுவின் சபை அந்தத் தாள்களில் தொடங்கியது. உங்கள் 2,000 கைப்பிரதிகளைப் பற்றிப் படித்தபோது எனக்கு அந்தத் தாள்கள்தான் நினைவுக்கு வந்தன. அந்த மனிதர் காப்பாற்றப்பட்டவராக அந்தக் கரையில் ஏறினார். அந்த ஊர் கொடுத்ததைத் தின்று அவர்களோடு இருந்தார்.

இன்னொரு வருடம் 1875. தட்டம்மை ஃபிஜிக்குள் புகுந்து சுமார் 40,000 பேரை வாரிக்கொண்டு போயிற்று. அதே வருடம், இன்றைய பப்புவா நியூ கினியில் உள்ள நியூ பிரிட்டன் பக்கத்துத் தீவுகளுக்கு யார் போவீர்கள் என்று மிஷனரி ஜார்ஜ் பிரவுன் ஃபிஜியின் நவுலோவா போதகர் பள்ளியில் கேட்டார். மாணவர் அத்தனை பேரும் எழுந்தார்கள். பிரிட்டிஷ் அதிகாரி கூப்பிட்டு, உயிருக்கு ஆபத்து என்று எச்சரித்தார். யோசித்துத்தான் முடிவெடுத்தோம், செத்தால் சாகிறோம், பிழைத்தால் பிழைக்கிறோம் என்றார்கள். 1878இல், அங்கே ஊழியத்துக்குப் போன ஃபிஜியரில் நான்கு பேர் கொல்லப்பட்டார்கள். இவர்களுடைய பேரப்பிள்ளைகளின் பேரப்பிள்ளைகள்தான் உங்கள் பக்கத்து வீட்டுக்காரர்களாக இருக்கப்போகிறார்கள்.

சரி, பழக்கவழக்கத்துக்கு வருகிறேன். நான் பட்டதைச் சொன்னால் உங்களுக்குப் பிடிபடும். முதன்முதலாக ஒரு கிராமத்துக்குப் போனபோது, பாயில் என் பக்கத்தில் ஒரு சின்னப் பெண் வந்து உட்கார்ந்தாள். நம் ஊர் வழக்கப்படி அவள் தலையைத் தடவி, 'என்ன கண்ணு' என்றேன். பேச்சு சட்டென்று நின்றுபோயிற்று. யாரும் கோபப்படவில்லை. அவளுடைய பாட்டி மட்டும் மெதுவாகக் குழந்தையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். தலை அங்கே தம்பு, அதாவது தொடக் கூடாதது. ஊர்த் தலைவருடைய தலை என்றால் சொல்லவே வேண்டாம். பரிசுத்த ஆவியை அவர்கள் 'யாலோ தம்பு' என்பார்கள். அதே சொல்தான். நான் அன்பென்று நினைத்துச் செய்தது, அவர்கள் பரிசுத்தம் என்று வைத்திருந்த ஒன்றின்மேல் கை வைத்ததாகப் போயிற்று.

தாமஸ் பேக்கர் என்ற மிஷனரி 1867இல் மலைநாட்டு நம்புத்தவுத்தவு கிராமத்தில் கொல்லப்பட்டதற்கும், தலைவரின் தலைமுடியிலிருந்து சீப்பை எடுத்ததுதான் காரணம் என்று ஒரு கதை உண்டு. கதை அவ்வளவு எளிது இல்லை. கரையோர அரசர் தாக்கொம்பாவ் ஏற்ற மதத்தை ஏற்பது அவருக்கே அடங்குவது என்று மலைக்காரர்கள் எண்ணினார்கள். நற்செய்தி யார் கையிலிருந்து வருகிறது, அவர் பின்னால் யார் நிற்கிறார் என்று ஜனங்கள் பார்க்கத்தான் செய்வார்கள். 2003இல் அந்தக் கிராமத்தார் பேக்கரின் வம்சத்தாரை வரவழைத்து, திமிங்கலப் பல் வைத்து மன்னிப்புக் கேட்டார்கள். 136 வருடம் அந்த ஊர் அதை மனதில் சுமந்திருக்கிறது.

இதே இடத்தில் சமோவாவின் ஃபவுவேயாவைச் சொல்ல வேண்டும். 1830இல் மிஷனரி ஜான் வில்லியம்ஸ் தன் போதகர்களோடு சமோவாவுக்குப் போனபோது, வழிகாட்டியாகக் கூட வந்த சமோவாக்காரர் இவர். எங்கள் நடனத்தையும் படகுப் பந்தயத்தையும் கண்டித்துக்கொண்டு தொடங்காதீர்கள், முதலில் மக்களுக்குக் கற்றுக்கொடுங்கள், தீமையானதை அவர்களே விட்டுவிடுவார்கள் என்று போதகர்களுக்குப் புத்தி சொன்னார். கிட்டத்தட்ட இருநூறு வருடம் ஆகியும் இதைவிட நல்ல ஆலோசனை என்னிடம் இல்லை.

கவா விஷயமும் இதில் அடங்கிவிடும். ஃபிஜியில் அதன் பேர் யங்கோனா. ஒரு செடியின் வேரை இடித்துத் தண்ணீரில் கரைப்பது. சாராயம் இல்லை. நாக்கு கொஞ்சம் மரத்துப்போகும், உடம்பு தளரும். கிராமத்துக்குப் போகும் முன் சுவா மார்க்கெட் மாடியில் அரைக் கிலோ வேர் வாங்கி, செய்தித்தாளில் சுற்றி எடுத்துப் போங்கள். செருப்பை வெளியே விட்டு, தொப்பியைக் கழற்றி, தோளும் முழங்காலும் மூடிய உடையோடு பாயில் சம்மணம் போட்டு உட்காருங்கள். உங்களை அழைத்துப் போனவர் அந்த வேரைத் தலைவர் முன் வைத்து, இவர்கள் யார், எதற்கு வந்திருக்கிறார்கள் என்று சொல்வார். இதற்கு செவுசெவு என்று பேர். நாம் வெற்றிலை பாக்குத் தட்டோடு போய் நிற்பதுபோல. தேங்காய்ச் சிரட்டையில் கொடுத்தால் ஒரு முறை கைகொட்டி, 'புலா' என்று சொல்லி, ஒரே மூச்சில் குடித்துவிட்டு மூன்று முறை கைகொட்டுங்கள். மனசாட்சி இடம் தரவில்லையா, பணிவாகச் சொல்லிவிடலாம். அங்கேயே அட்வெண்டிஸ்ட் சபையார் குடிப்பதில்லை, மெதடிஸ்ட் போதகர்கள் பலர் குடிக்கிறார்கள். ஆனால் வேர் கொண்டுபோவதை மட்டும் விட்டுவிடாதீர்கள். அனுமதி கேட்காமல் ஒருவர் வீட்டுக்குள் நுழைந்து வசனம் சொன்னால், எந்த ஊரில்தான் காது கொடுப்பார்கள்?

மொழியும் கற்றுக்கொள்ளுங்கள். தமிழருக்கு அது சுலபம். நம் 'ம்ப', 'ந்த' ஒலிகளை அவர்கள் ஆங்கில எழுத்தில் வெறும் 'பி' (b), 'டி' (d) என்று ஒற்றையாக எழுதுவார்கள். விமான நிலையம் உள்ள ஊரை 'நாடி' என்று வாசித்துவிடாதீர்கள், அது நாந்தி.

அப்புறம் ஒன்று, எனக்கு மிக முக்கியமானது. அதே 2007 கணக்கெடுப்பின்படி அந்த நாட்டில் நூற்றுக்கு 28 பேர் இந்துக்கள். கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றப்பட்டவர்களின் சந்ததி. 1903 முதல் சென்னையிலிருந்து போனவர்களில் நம் தமிழர்கள் ஏராளம். நாந்தியில் முருகன் கோயிலையும், 1926இல் தொடங்கிய தென்னிந்தியர் சங்கத்தின் பள்ளிகளையும் பார்ப்பீர்கள். முகத்தைப் பார்த்தால் நம் சித்தப்பா போல இருப்பார், பேச்சு ஃபிஜி இந்தியில் இருக்கும். 'நம்ம ஜனம், இவர்களிடம் சொல்லலாம்' என்று உங்களுக்குத் தோன்றும். அவசரப்படாதீர்கள். இந்தியர் ஆதரவு பெற்ற அரசைக் கவிழ்த்த 1987 ராணுவப் புரட்சியும், அதன்பின் ஞாயிறன்று வேலையையும் வியாபாரத்தையும் தடுத்த சட்டங்களும், தாக்கப்பட்ட இந்துக் கோயில்களும் அவர்கள் மறக்காதவை. மெதடிஸ்ட் சபைத் தலைவர்கள் பலர் அந்தப் புரட்சியின் பக்கம் நின்றார்கள். 2023 மே மாதம் நடந்த ஒப்புரவு ஆராதனையில்தான், அந்தப் புரட்சியை நடத்திய ரபுக்காவே பிரதமராக நின்று மன்னிப்புக் கேட்டார். சபை என்ற சொல்லைக் கேட்டதும் அந்தப் பெரியவர் முகம் ஏன் இறுகுகிறது என்று இப்போது உங்களுக்குப் புரியும்.

அவர்கள் நடுவில் வேலை செய்ய 1897இல் வந்த மிஷனரி ஹன்னா டட்லியைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். முன்பே இந்தியாவில் தங்கி இந்துஸ்தானி கற்றவர். சுவாவில் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார். அநாதைகளைத் தன் வீட்டிலேயே வளர்த்தார். கூலிகளின் பிள்ளைகளுக்கு எழுத்து தெரிய வேண்டும் என்று வேறு யாரும் அதிகம் கவலைப்படாத காலம் அது. ஜனங்கள் அவரை அம்மா என்றார்கள்.

கைப்பிரதிகளை நாகர்கோவிலிலேயே வைத்துவிட்டுப் போங்கள். மேடை ஜெபத்தை மறுக்க வேண்டாம், ஆனால் 'எட்டாத' என்ற சொல்லை எடுத்துவிடச் சொல்லிப் போதகரிடம் தனியாகப் பேசுங்கள். பெட்டியில் இடம் இருந்தால் ஒரு குடையும் இரண்டு பருத்திப் பாவாடையும் கூடுதலாக வையுங்கள். பிப்ரவரியில் சுவாவில் மழை விடாது. முதல் ஞாயிறு பக்கத்து ஃபிஜியர் சபைக்குப் போய்ப் பின்வரிசையில் உட்காருங்கள். அன்று என்ன பாட்டுப் பாடினார்கள், ஆராதனை முடிந்து யார் உங்களைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள் என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.