ஒரு முழச் சுவருக்கு லிட்டர் டப்பா எதற்கு?

கேள்வி: ராயபுரத்தில் வாடகை வீடு. பாத்ரூமில் நாலடி வரைக்கும் டைல்ஸ். அதற்கு மேலே, குழாய்ப் பக்கம் ஒரு முழ அகலத்துக்குப் பெயின்ட் பொரிந்து உதிர்கிறது. ஜன்னல் கம்பியும் துரு. பெயின்டர் ஒரு நாள் கூலியோடு லிட்டர் டப்பாவும் கேட்கிறார். போன தடவை நானே அடித்ததில் டைல்ஸ், குழாய், பக்கெட் எல்லாம் பெயின்ட் ஆனதுதான் மிச்சம். மறுபடி இறங்கலாமா?

பதில்: தாராளமாக இறங்குங்கள். ஆனால் லிட்டர் டப்பா வேண்டாம். எனாமல் (ஆயில் பெயின்ட்) 50, 100, 200 மில்லி டப்பாவிலும் கிடைக்கிறது. 100 மில்லி, ஒரு கோட்டிங்குக்குச் சுமார் பத்து சதுர அடி வரும். உங்கள் சுவருக்கும் கம்பிக்கும் சேர்த்தே தாராளம்.

வாங்குவதற்கு முன்னால் ஒரு வேலை. உதிர்ந்த இடத்தைத் துடைத்துக் காயவிட்டு, ஒரு பிளாஸ்டிக் கவரை வெட்டி நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, ஒரு நாள் விடுங்கள். கவருக்கு உள்பக்கம் வேர்த்திருந்தால் சுவருக்குள்ளிருந்து கசிவு. அது வீட்டுக்காரரைக் கூப்பிட வேண்டிய விஷயம்; மேலே எந்தப் பெயின்ட் அடித்தாலும் நிற்காது. வெளிப்பக்கம் மட்டும் ஈரம் என்றால் குளிக்கிற ஆவிதான், பயமில்லை.

சுரண்டும்போது சாக்கடை ஜாலி மேல் பழைய துணியைப் போட்டுவிடுங்கள். செதில் உள்ளே போய் அடைத்தால் அது தனிச் செலவு. காய்ந்த சுவரைத் தேய்த்துத் தூசி கிளப்ப வேண்டாம். பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. உங்கள் சுவரில் அதற்கு முந்தைய பெயின்டும் இருக்கலாம். வாட்டர் பேப்பரை (தண்ணீரில் நனைக்கக்கூடிய உப்புத்தாள்) நனைத்துத் தேய்த்தால் தூசியே எழாது. கறுப்புப் பூஞ்சைக்கு ப்ளீச்சிங் பவுடர் கரைசல் போதும். அதோடு பாத்ரூம் ஆசிட்டை மட்டும் சேர்த்துவிடாதீர்கள். குளோரின் வாயு கிளம்பும், சின்ன அறையில் மூச்சு முட்டிவிடும்.

இனி டேப். செல்லோ டேப் பசையை விட்டுவிட்டு வரும், மாஸ்கிங் டேப்பே வாங்குங்கள். டைல்ஸின் மேல் விளிம்பில் ஒட்டி, நகத்தால் ஓரத்தை அழுத்தி ஓட்டுங்கள். போன தடவை பெயின்ட் இறங்கியது அந்த இடுக்கில்தான் இருக்கும். குழாய்க்கு ஒரு கவரை மாட்டி ரப்பர் பேண்ட் போடுங்கள். திருகாணித் தலைகளில் கொஞ்சம் வாசலின். மேலே பட்டது துடைத்தால் வந்துவிடும்.

டப்பாவில் நேராகப் பிரஷ்ஷை முக்காதீர்கள். கொட்டாங்குச்சியில் இரண்டு கரண்டி ஊற்றிக்கொண்டு டப்பாவை மூடி வெளியே வைத்துவிடுங்கள். காலில் இடறினாலும் அந்த இரண்டு கரண்டிதான் போகும். (நான் ஒருமுறை அரை லிட்டரை மொசைக் தரையில் கவிழ்த்த பிறகு வந்த ஞானம் இது.) ஒரு இஞ்ச் பிரஷ், முடியில் மூன்றில் ஒரு பங்கு நனைந்தால் போதும். அடித்து முடித்ததும், பெயின்ட் முழுசாகக் காய்வதற்கு முன்பே டேப்பை மெதுவாக மடக்கி இழுங்கள். காய்ந்த பின் இழுத்தால் ஓரமும் சேர்ந்து பிய்ந்து வரும்.

கம்பிக்குத் துருவை எடுத்த அன்றைக்கே ரெட் ஆக்சைடு (துரு தடுக்கும் பிரைமர்) அடித்துவிடுங்கள். உங்கள் பக்கத்துக் கடற்காற்றுக்கு நாலு நாள் கூடப் பொறுமை கிடையாது. எனாமல் மறுநாள். ஜன்னலைத் திறந்து வையுங்கள், அன்று ராத்திரி வெந்நீர்க் குளியல் வேண்டாம். பிரஷ் கழுவிய தின்னரைச் சாக்கடையில் ஊற்றாமல் பழைய துணியில் துடைத்து, வெளியில் விரித்துக் காயவிட்டுக் குப்பையில் போடுங்கள்.

கேள்வி: கொருக்குப்பேட்டையில் வாங்கிய புது டப்பாவைத் திறந்தால் பெயின்ட் கெட்டித் தயிர் மாதிரி. கடைக்காரர், ‘தின்னர் ஊத்திக் கலக்கிக்கோங்க’ என்கிறார். கலக்கலாமா?

பதில்: மேலே ஆடை மட்டும் கட்டியிருந்தால் எடுத்துப் போட்டுவிட்டு அடியோடு கலக்கிப் பாருங்கள், சரியாகிவிடும். கலக்கியும் கட்டி கரையவில்லை என்றால் தின்னரை ஊற்றாதீர்கள். ஊற்றிய பிறகு கெட்டது யாரால் என்ற வாதம் உங்கள் தலையில் விழும். டப்பா மேல் தயாரித்த மாதம், பேட்ச் எண் இரண்டும் தெரிகிற மாதிரிப் போட்டோ எடுத்து, பில்லோடு, லேபிளில் உள்ள கம்பெனியின் புகார் எண்ணுக்குப் பேசுங்கள். அவர்களும் இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.